கையெழுத்துப் போடாத ஒருவர்

கருமுட்டையையோ விந்தணுவையோ தானமாகப் பெற்றுச் சிகிச்சை தொடங்குவதற்கு முன் ஒப்புதல் படிவங்கள் நிரப்பப்படுகின்றன. அவற்றில் மனைவி கையெழுத்துப் போடுகிறார், கணவர் போடுகிறார், மருத்துவர் போடுகிறார். தானம் தருபவர் வேறோர் இடத்தில், வேறொரு நாளில் தமக்குரிய படிவத்தில் போடுகிறார். இவர்களுக்குள் எழுதப்படும் உடன்பாட்டில் யாரும் தடுமாறாமல் கடந்துபோகும் வரி, யாருடைய உயிரணு யாருக்குச் சென்றது என்பது எவருக்கும் வெளியிடப்படாது என்ற வரிதான். அந்த வரியால் வாழ்நாள் முழுவதும் கட்டுப்படப்போகிறவர் அன்று பிறந்திருக்கவே இல்லை. கருத்தரிப்பு மையத்தில் ஆலோசகராக வேலை பார்த்த ஆண்டுகளில் எத்தனையோ தம்பதியரோடு அமர்ந்து இந்தப் படிவங்களை வரிவரியாகப் படித்திருக்கிறேன். அப்போதெல்லாம் என் மனம் போய் நின்ற இடம் அந்தப் பிறவாதவர்தான். தம்மை உருவாக்கிய உயிரணு யாருடையது என்று அறிந்துகொள்ளும் உரிமை அவருக்கு உண்டு என்றும், அதை அவர் சார்பில் விட்டுக்கொடுக்கும் அதிகாரம் பெரியவர்கள் எவருக்கும் இல்லை என்றும் நான் நம்புகிறேன்.

செயற்கைக் கருத்தரிப்பின் அறம் என்று பேச்செடுத்தால் விவாதம் பெரும்பாலும் வேறு திசையில் போய்விடுகிறது. உடலுக்கு வெளியே கருவை உருவாக்கலாமா, அதை எத்தனை நாள் ஆய்வகத்தில் வளர்க்கலாம், உறையவைத்த கருக்களில் மிஞ்சியவற்றை என்ன செய்வது என்று கேட்கிறோம். 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தின் ஓல்டாம் நகரில் உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தையான லூயிஸ் பிரவுன் பிறந்தபோது உலகம் அதிர்ந்ததும் இந்தக் கேள்விகளால்தான். 1984இல் மேரி வார்னாக் தலைமையில் பிரிட்டன் அரசு அமைத்த குழு, ஆராய்ச்சிக்காகக் கருவை 14 நாளுக்குமேல் வளர்க்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. பல நாடுகள் அந்த வரம்பை ஏற்றுக்கொண்டன. இவை கனமான கேள்விகள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும், லூயிஸ் பிரவுன் தம் பெற்றோரின் முட்டையிலிருந்தும் விந்தணுவிலிருந்தும் உருவானவர். தாம் எப்படிப் பிறந்தோம் என்பதை அவரிடமிருந்து யாரும் மறைக்கவில்லை. மூன்றாமவர் ஒருவரின் உயிரணு உள்ளே வரும்போது எழும் சிக்கல் வேறு வகையானது. சோதனைக் குழாய்க்கும் மிக முந்தையது.

1884இல் ஃபிலடெல்பியாவில் ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரியின் பேராசிரியர் வில்லியம் பான்கோஸ்டிடம் குழந்தையில்லாத தம்பதியர் ஒருவர் வந்தனர். குறை மனைவியிடம்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு முதலில் அவரையே நுணுகிச் சோதித்தார்கள். கணவரின் விந்தில் அணுக்களே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. இன்னுமொரு சோதனை என்று சொல்லி அந்தப் பெண்ணை மறுபடி வரவழைத்து, குளோரோஃபார்ம் கொடுத்து மயக்கி, உடனிருந்த ஆறு மாணவர்களில் தோற்றப் பொலிவு மிக்கவர் என்று அவர்கள் கருதிய ஒருவரின் விந்தைப் பான்கோஸ்ட் அவருடைய கருப்பைக்குள் செலுத்தினார். ஆண் குழந்தை பிறந்தது. கணவரிடம் பிறகு உண்மையைச் சொன்னபோது அவர் மகிழ்ந்தார். மனைவிக்கு மட்டும் ஒருபோதும் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பேராசிரியர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, 1909இல், அந்த மாணவர்களில் ஒருவரான அடிசன் டேவிஸ் ஹார்ட் ஒரு மருத்துவ இதழில் எழுதிய கடிதத்தால்தான் இது வெளியே வந்தது. மருத்துவமனையில் நடந்ததாகப் பதிவான விந்தணு தானங்களில் இதுவே முதலாவது என்று கூறப்படுகிறது. அறையில் இருந்த ஆண்கள் அனைவருக்கும் தெரிந்திருந்த ஒன்று, யாருடைய உடலில் அது செய்யப்பட்டதோ அவருக்கும், யார் அதிலிருந்து பிறந்தாரோ அவருக்கும் மட்டும் மறைக்கப்பட்டது.

பெண்ணின் ஒப்புதல் இன்று இன்றியமையாததாகிவிட்டது. பிறந்தவர் விஷயத்தில் நாம் அந்த அளவுக்கு முன்னேறவில்லை. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் மருத்துவர்களே மறைக்கச் சொன்னார்கள். தானமாக வந்த விந்தோடு கணவரின் விந்தையும் கலந்து செலுத்துவதும், சிகிச்சை முடிந்த அன்றிரவே தம்பதியரைக் கூடச் சொல்வதும் பல இடங்களில் வழக்கமாக இருந்தன. தந்தை யார் என்ற கேள்விக்கு உறுதியான விடையே இல்லாமல் செய்வதுதான் இதன் நோக்கம். ஆவணங்கள் அழிக்கப்பட்டன, பல வேளைகளில் எழுதப்படவே இல்லை.

இப்படி மறைக்க விரும்பும் பெற்றோரை நான் ஒருபோதும் குற்றவாளிகளாகப் பார்த்ததில்லை. என் முன் அமர்ந்திருந்தவர்களில் பலர், ஆண்டுக்கணக்கில் ஊசிகளும் ஸ்கேன்களும் தோல்விகளும் பார்த்து, உறவினரின் கேள்விகளால் நொந்து, கடைசி வழியாகத்தான் தானத்துக்கு ஒப்புக்கொண்டவர்கள். கணவருக்கு விந்தணு இல்லை என்று தெரிந்த ஒரு பெண் என்னிடம், "எங்க அம்மாவுக்குக்கூடத் தெரியக் கூடாது மேடம். அவரை யாரும் ஒரு மாதிரி பார்த்துடக் கூடாது" என்றார். அருகில் அமர்ந்திருந்த கணவர் தலை நிமிரவில்லை. அந்த மனிதரின் மானத்தைக் காப்பது அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு பெரிய அன்பின் செயல் என்பது எனக்குப் புரிந்தது. மலட்டுத்தன்மையை இழிவாகப் பார்க்கும் உலகில் மறைத்துக்கொள்வதற்கு அவர்களுக்கு எல்லாக் காரணமும் இருக்கிறது. அண்டை வீட்டாருக்கும் அலுவலகத்துக்கும் உறவினருக்கும் சொல்ல வேண்டிய கடமை அவர்களுக்கு இல்லவே இல்லை. ஆனால் பிள்ளை அந்த வரிசையில் வருபவர் அல்லர். ஊராரிடமிருந்து காக்கப்படும் செய்தி அவருடைய சொந்த உடலைப் பற்றியது.

உடல் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. மருத்துவரிடம் போகும் எவரும் முதலில் சந்திக்கும் கேள்விகளில் ஒன்று, குடும்பத்தில் வேறு யாருக்காவது இது இருக்கிறதா என்பது. உண்மை தெரியாதவர் தம் தந்தைக்குச் சர்க்கரை நோய் உண்டு என்றோ, அத்தைக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது என்றோ மனமறிந்து சொல்கிறார். மருத்துவர் அதை நம்பிச் சோதனைகளை முடிவுசெய்கிறார். விடை தெரியாது என்று சொல்பவருக்காவது மருத்துவர் கூடுதல் கவனம் செலுத்துவார். தவறான விடையை உண்மை என்று நம்பிச் சொல்பவருக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தைச் சேர்ந்த நரெல் கிரெச்சுக்கு 28ஆம் வயதில் முற்றிய நிலையில் பெருங்குடல் புற்றுநோய் கண்டறியப்பட்டது. தாம் விந்தணு தானத்தால் பிறந்தவர் என்பதைப் பதின்வயதில் அறிந்தது முதல் கொடையாளரைத் தேடிக்கொண்டிருந்தவர் அவர். நோய் பரம்பரையாக வந்திருக்கக்கூடும் என்பதால், அதே கொடையாளருக்குப் பிறந்த உடன்பிறப்புகளை எச்சரிக்க வேண்டும் என்று அவர் மன்றாடினார். அவர் பிறந்த காலத்தில் பெயர் வெளியிடப்படாது என்ற உறுதியின்பேரில் தானம் பெறப்பட்டதால், ஆவணத்தில் இருந்த பெயரை அவருக்குச் சட்டம் தரவில்லை. விதிவிலக்கான முயற்சிகளுக்குப் பிறகு 2013இல் அவர் தம்மை உருவாக்கிய மனிதரைச் சந்தித்தார். சில வாரங்களில், 30ஆம் வயதில் இறந்துபோனார். எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு இது ஆறுவதில்லை. தகவல் ஓர் அலுவலகத்தின் கோப்பில் இருந்தது. அதைத் திறக்கவிடாமல் தடுத்தது, அவர் எந்தப் பங்கும் எடுத்துக்கொள்ளாத ஓர் உடன்பாடு.

ஒரே கொடையாளரின் விந்து எத்தனை குடும்பங்களுக்குப் போகிறது என்பதை யாரும் முழுமையாகக் கண்காணிக்காததன் விளைவும் இப்போது தெரியத் தொடங்கியிருக்கிறது. 2025 மே மாதம் மிலான் நகரில் நடந்த ஐரோப்பிய மனித மரபியல் சங்கத்தின் மாநாட்டில் ஓர் அறிக்கை முன்வைக்கப்பட்டது. புற்றுநோய்க்கு இட்டுச்செல்லும் அரிய மரபணு மாற்றம் ஒன்றைத் தம்மிடம் இருப்பது தெரியாமலேயே சுமந்த ஒருவரின் விந்தணுவால் எட்டு ஐரோப்பிய நாடுகளில் குறைந்தது 67 குழந்தைகள் பிறந்திருந்தார்கள். அவர்களில் 10 பேருக்கு அப்போதே புற்றுநோய் வந்திருந்தது. கொடையாளர் மீது இதில் எந்தக் குற்றமும் இல்லை. அவர் நலமாக இருந்தார், வழக்கமான சோதனைகளில் இது பிடிபட்டிருக்காது. வரம்புகள் நாட்டுக்கு நாடு தனித்தனியாக இருப்பதும், எல்லை தாண்டிப் போகும் விந்துக் குப்பிகளை ஒட்டுமொத்தமாக எண்ண யாரும் இல்லாததும்தான் கேடு. பிரிட்டனில் ஒரு கொடையாளரால் பயனடையும் குடும்பங்கள் பத்துக்குமேல் போகக் கூடாது. ஆனால் அந்த எல்லை நாட்டுக்குள் மட்டுமே செல்லும்.

இவ்வளவுக்குப் பிறகும் ரகசியத்தைக் காக்க முடியும் என்று சொல்லும் மையங்கள் நடைமுறையில் நிறைவேற்ற முடியாத வாக்கைத் தருகின்றன. 2005இல் விந்தணு தானத்தால் பிறந்த ஒரு பதினைந்து வயதுச் சிறுவன் தன் கன்னத்தின் உட்புறத்தில் தடவியெடுத்த பஞ்சை ஒரு மரபணுச் சோதனை நிறுவனத்துக்கு அனுப்பினான். தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் வரும் ஒய் குரோமோசோமில் அவனோடு ஒத்துப்போன இரண்டு பேர் சில மாதங்கள் கழித்து அவனைத் தொடர்புகொண்டனர். இருவருடைய குடும்பப் பெயரும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தது. கொடையாளர் பிறந்த தேதியும் ஊரும் அவன் தாய்க்கு முன்பே தெரியும். அந்தத் தேதியில் அந்த ஊரில் பிறந்தவர்களின் பட்டியலை இணையத்தில் விலை கொடுத்து வாங்கினான். அந்தக் குடும்பப் பெயரில் ஒரே ஒருவர் இருந்தார். அந்தக் கொடையாளர் தம் மரபணுவை எங்கும் கொடுத்ததே இல்லை; யாரோ தூரத்து உறவினர்கள் கொடுத்தது போதுமானதாக இருந்தது. அதற்குப் பிறகு இந்தச் சோதனைகள் கோடிக்கணக்கானோரிடம் பரவிவிட்டன. பொழுதுபோக்காகச் சோதனை செய்துகொண்ட ஒருவருக்கு, நடுவயதில் ஒரு நாள், முன்பின் அறியாத பாதி உடன்பிறப்புகளின் பட்டியல் மின்னஞ்சலில் வந்து சேர்கிறது. பெற்றோர் உயிரோடு இல்லாவிட்டால், ஏன் மறைத்தீர்கள் என்று கேட்கக்கூட ஆள் இருப்பதில்லை.

ஆகவே படிவத்தைப் படிக்கும்போது, இந்த வரிக்கு நீங்கள் எண்ணும் பொருள் இன்று இல்லை என்பதைத் தம்பதியரிடமும், வாய்ப்புக் கிடைத்தபோது கொடையாளரிடமும் சொல்வதை நான் வழக்கமாக்கிக்கொண்டேன். முட்டை தரும் பெண்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும் என்று நினைக்கிறேன். விந்தணுக் கொடையைப் போலச் சில நிமிடங்களில் முடிகிற காரியம் அன்று அது. ஏறத்தாழ பத்துப் பன்னிரண்டு நாள் தினமும் வயிற்றில் ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். இடையிடையே ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் உண்டு. முட்டைகள் முதிர்ந்ததும் கடைசி ஊசி போட்டு, ஏறக்குறைய 36 மணி நேரம் கழித்து, மயக்க மருந்து கொடுத்து, பிறப்புறுப்பு வழியாக ஊசியைச் செலுத்தி முட்டைகளை உறிஞ்சி எடுக்கிறார்கள். சிலருக்குச் சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டு வயிற்றில் நீர் சேர்ந்து, மருத்துவமனையில் படுக்கும்படி ஆகிவிடுகிறது. இவ்வளவையும் தாங்கும் பெண்ணிடம், இருபது ஆண்டு கழித்து ஒருவர் உங்களைத் தேடி வரக்கூடும் என்பதை மட்டும் சொல்லாமல் விடுவது என்ன நியாயம்? தெரிந்த பின்பு அவர் மறுத்தால் மறுக்கட்டும். தானம் குறைந்துவிடும் என்ற அச்சத்தால் உண்மையை மறைத்துப் பெறப்படும் ஒப்புதலை ஒப்புதல் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

சட்டங்கள் மெல்ல இந்தப் பக்கம் நகர்ந்து வருகின்றன. 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, இயன்றவரை தன் பெற்றோரை அறியும் உரிமை குழந்தைக்கு உண்டு என்று தன் ஏழாம் பிரிவில் கூறுகிறது. அதற்கும் முன்பே, 1985இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின் மூலம், விந்தணுக் கொடையாளரின் பெயரை வளர்ந்த பிள்ளை அறிய ஸ்வீடன் வழிசெய்தது. பிரிட்டன் 2005 ஏப்ரல் முதல் பெயர் மறைப்பை நீக்கியது. அந்த மாற்றத்துக்குப் பின் உருவானவர்கள் 2023இன் இறுதியில் 18 வயதை எட்டத் தொடங்கினார்கள். பிரான்ஸில் 2022 செப்டம்பர் முதல் தானம் தருபவர்கள், பிள்ளை வயதுவந்த பின் கேட்டால் தம் அடையாளத்தை வெளியிட ஒப்புக்கொண்டாக வேண்டும். ஜெர்மனி 2018இல் மையப் பதிவேடு ஒன்றை ஏற்படுத்தி, அதிலுள்ள தகவல்களை 110 ஆண்டுகள் காக்க வேண்டும் என்று விதித்தது. அந்த 110 என்ற எண் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஒரு மனித ஆயுள் முழுவதும் எந்த வயதிலும் கேள்வி வரலாம் என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். ஸ்பெயின் இன்னும் பெயர் மறைப்பையே சட்டமாக வைத்திருக்கிறது. இந்தியாவின் 2021ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு கொடையாளரின் உயிரணுவை ஒரே தம்பதியருக்குத்தான் வழங்கலாம் என்று கட்டுப்படுத்தியிருக்கிறது. உடன்பிறப்புகள் பெருகும் சிக்கலுக்கு இது நல்ல தடுப்பு. ஆனால் வளர்ந்த பிள்ளை கொடையாளர் யார் என்று கேட்டு அறியும் வழியை அது திறக்கவில்லை.

பிள்ளைக்குத் தெரிந்தால் பாசம் போய்விடுமே என்ற கேள்வியைத்தான் நான் மிகுதியாகக் கேட்டிருக்கிறேன். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சூசன் கோலம்பாக்கும் அவருடைய குழுவினரும் முட்டை தானம், விந்தணு தானம், வாடகைத் தாய் ஆகிய வழிகளில் பிறந்த பிள்ளைகளின் குடும்பங்களைக் கைக்குழந்தைப் பருவம் முதல் இருபது வயது வரை தொடர்ந்து கவனித்து, 2023இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இத்தகைய 65 குடும்பங்களை, இயல்பாகக் கருத்தரித்த 52 குடும்பங்களோடு ஒப்பிட்டிருந்தார்கள். பிள்ளைகளின் மனநலத்திலோ தாய்க்கும் பிள்ளைக்கும் இடையிலான உறவின் தரத்திலோ வேறுபாடு காணப்படவில்லை. ஏழு வயதுக்கு முன்பே உண்மை சொல்லப்பட்ட பிள்ளைகளுக்குத் தாயோடு உறவு இன்னும் நன்றாக இருந்தது. சிறிய ஆய்வுதான், எல்லாக் குடும்பங்களுக்கும் இது பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். என்றாலும் மறைத்தால்தான் பாசம் நிற்கும் என்ற நம்பிக்கைக்கு அதில் எந்த ஆதாரமும் இல்லை.

முட்டை தானத்தால் பெற்ற மகளுக்கு ஐந்து வயதானபோது உண்மையைச் சொல்லத் தொடங்கிய ஒரு தாய் என்னைப் பார்க்க வந்திருந்தார். குழந்தை உண்டாக முட்டை வேண்டும், அம்மாவிடம் அது இல்லை, ஓர் ஆன்ட்டி கொடுத்தார்கள், நீ அம்மா வயிற்றில் வளர்ந்தாய் என்று தூங்கப்போகும் வேளையில் எளிமையாகச் சொல்லியிருக்கிறார். மகள் அழவில்லை, குழம்பவும் இல்லை. "அந்த ஆன்ட்டி பேரு என்ன?" என்று கேட்டாளாம். "தெரியாதுடா" என்றதற்கு, "ஏன் கேக்கல?" என்றாளாம். இதைச் சொல்லும்போது அந்தத் தாய் என்னைப் பார்த்த பார்வைக்கு என்னிடம் பதில் இல்லை. அவர் கேட்டிருந்தாலும் எங்கள் மையம் சொல்லியிருக்காது. பெற்றோர் தம் கடமையைச் செய்துவிட்ட பிறகும், மிச்சத்தைச் செய்ய ஒரு பதிவேடும் அதைத் திறக்கும் சட்டமும் வேண்டும். தனி மையம் இன்று இருக்கும், நாளை மூடப்படும், கைமாறும். ஆவணத்தை அதன் அலமாரியில் விட்டுவைப்பது போதாது.

எல்லாவற்றிலும் கடினமானது, ஏற்கெனவே தரப்பட்ட வாக்கை என்ன செய்வது என்பதுதான். இனி வரப்போகும் கொடையாளருக்குப் புதிய விதியைச் சொல்லிவிடலாம். பெயர் வெளிவராது என்று நம்பி முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் தானம் தந்தவருக்கு என்ன சொல்வது? அவர் இன்று குடும்பத்தோடு இருப்பார்; மனைவிக்கே தெரியாமல் இருக்கலாம். வாக்கை மீறுவது சிறிய விஷயம் என்று நான் கருதவில்லை, இதில் நீண்ட நாள் தயங்கியும் இருக்கிறேன். நரெல் கிரெச்சின் மாநிலமான விக்டோரியா இந்த இடத்தில் துணிந்து ஒரு முடிவெடுத்தது. எந்த ஆண்டில் தானம் தரப்பட்டிருந்தாலும் பிறந்தவர் கேட்டால் அடையாளத்தைத் தரலாம் என்ற சட்டம் 2017 மார்ச் முதல் அங்கே நடைமுறைக்கு வந்தது. கொடையாளரின் சம்மதம் தேவையில்லை. அதே வேளையில், தம்மைத் தொடர்புகொள்ளக் கூடாது என்றோ, கடிதம் வழியாக மட்டும் தொடர்புகொள்ளலாம் என்றோ கொடையாளர் பதிவுசெய்யலாம். அதை மீறுபவருக்குத் தண்டனை உண்டு.

எனக்கு இது சரி என்றே படுகிறது. வாக்குக் கொடுத்தவர்கள் மருத்துவர்கள். அந்த வாக்கின் விலையைச் செலுத்தி வந்தவர்கள் பிறந்தவர்கள். கொடையாளர் அஞ்சுவது பெரும்பாலும் தம் வீட்டுக் கதவு தட்டப்படுவதைத்தான், அந்த அச்சத்துக்குத் தொடர்புத் தடை போதுமான காவல். பெயரும் நோய் வரலாறும் உடன்பிறப்புகளின் எண்ணிக்கையும் கிடைத்துவிட்டால், தேடுபவர்களில் பலருக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படுவதில்லை. தேவைப்படுபவர்களும், மறுக்கும் ஒருவரை உறவாடும்படி வற்புறுத்த முடியாது. பழைய ஆவணங்கள் எரிக்கப்பட்டோ கரையானுக்கு இரையாகியோ போயிருந்தால் எந்தச் சட்டமும் உதவாது. ஆகவே எந்த நாட்டில் எந்தச் சட்டம் வருவதற்கு எத்தனை காலம் ஆனாலும், இன்று மையங்களின் அலமாரிகளில் இருக்கும் கோப்புகளை அழிக்கக் கூடாது என்ற ஒற்றை ஆணையை முதலில் பிறப்பித்துவிட வேண்டும்.